கடைக்கு நான்கு நொடி

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவளுக்கு ஆடி மாதம் சும்மா கிடக்கிற மாதம். அதனால்தான் கீழக்கரையிலிருந்து தொலைபேசி வந்தபோது முழுதாகக் கேட்டுக்கொள்ளாமலேயே சரி என்றுவிட்டேன். கடைத்தெருவைப் பற்றி மூன்று நிமிடப் படம் வேண்டுமாம். பல வருடங்களாகப் படுத்துக் கிடந்த தெரு எழுந்துகொண்டிருக்கிறது, அதை ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்றார் பேசியவர். ஊர்க்காரர்கள் என்றால் ஊரில் இல்லாத ஊர்க்காரர்கள். துபாய், கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, சென்னை மண்ணடி.

பரமக்குடி தாண்டியதும் இருபுறமும் சீமைக்கருவேலம் தொடங்கிவிடுகிறது. ராமநாதபுரத்தில் பஸ் மாறி, திருப்புல்லாணி வழியாக இன்னும் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்த உதவியாளர் தம்பியின் முகத்தில் மணல் அறைந்துகொண்டே வந்தது. ஆடிக்காற்று மதுரையிலும் அடிக்கும்; மாடியில் காயும் துணி பக்கத்து வீட்டுக்குப் போகும், அதோடு சரி. இங்கே மேற்கிலிருந்து ஒரே பிடிவாதமாக, மூச்சு வாங்காமல் அடிக்கிறது. கச்சான் என்கிறார்கள்.

இறங்கியதும் டீ, 15 ரூபாய். நல்ல டீதான், ஆனால் கடைசி வாயில் லேசாக உப்புக் கரித்தது. குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர் இது என்று கடைக்காரரே சொன்னார். தம்பி அவரை “பாய்” என்று கூப்பிட்டான். “எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம் தம்பி” என்று சிரித்தார். நல்ல உயரமும் வெள்ளைத் தாடியுமாக நிற்கிற மனிதரைக் காக்கா என்று கூப்பிடத் தம்பிக்கு அன்று முழுக்க வாய் வரவில்லை.

மாலையில் துணிக்கடையின் பின்கட்டில் கூட்டம். ஏழு பேர் வந்திருந்தார்கள். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கடைப்பட்டியலைத் துணிக்கடை காக்கா என் கையில் கொடுத்தார். நாற்பத்திரண்டு கடைகள். ஆளுக்கு 1,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள், மொத்தம் 63,000. “எல்லாக் கடையும் வர வேண்டும் தங்கச்சி. எல்லாரும் ஒரே பணம் கொடுத்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே நேரம்.”

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம் என்றால் 180 நொடி. கடைக்கு நான்கு நொடி கொடுத்தால் 168 போய்விடும். ஊர், கடல், பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நொடி மிச்சம். இதைச் சொன்னதும் அறையில் யாரும் பதறவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும், “அந்தப் பன்னிரண்டும் எதற்கு?” என்று கேட்டார்.

இருட்டும் முன் கடற்கரையில் ஒலி எடுத்துப் பார்க்கலாம் என்று போனோம். ஹெட்போனில் கடலே கேட்கவில்லை. தகரக் கூரையில் யாரோ மணல் மூட்டையை இழுப்பது போல ஒரே இரைச்சல். காற்றுக்காக மைக்கின் மேல் மாட்டுகிற ரோம உறை மதுரையில் என் மேசை மேல் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும், இரண்டு பேருக்கு 190 ரூபாய். தேங்காய்ப்பால் கேட்டால் சர்க்கரையோடு தனியாகக் கொடுக்கிறார்கள். தம்பி ஒன்பது இடியாப்பம் சாப்பிட்டான். எண்ணியது நான் இல்லை, பரிமாறியவர்.

உறைக்கு என்ன செய்வது? ஃபேன்சி கடையில் பஞ்சு அடைத்த பழுப்புக் கரடி பொம்மை ஒன்று தொங்கியது, 220 ரூபாய். “எத்தனை வயதுக் குழந்தைக்கு?” என்று கேட்டார்கள். மைக்குக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டு வயது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நாலு கடை தள்ளித் தையல்காரர். புர்காவுக்கு மணி வைத்துத் தைப்பதில் பெயர் வாங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோமத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவி, எந்தத் திசையில் படிகிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கி இஞ்சு டேப்பால் அளந்தார், சட்டைக்கு அளப்பது போலவே. “கழுத்து நாலே முக்கால். நீளம் ஏழு. கீழே நாடா வைக்கவா, எலாஸ்டிக் வைக்கவா?” எலாஸ்டிக் என்றேன். கரடியின் முதுகில் கத்திரியின் நுனியை மட்டும் ஓட்டி, ரோமம் வெட்டுப்படாமல் அடித்துணியை மட்டும் வெட்டினார். பஞ்சை ஒரு பைக்குள் சேர்த்தார், தலையணைக்கு ஆகும் என்று. கண்கள் இரண்டையும் நூலை அறுத்து எடுத்து மேசை மேல் வைத்தார். இருபது நிமிடத்தில் உறை தயார். மதுரையில் நான் 1,800 ரூபாய்க்கு வாங்கிய உறையில் தையல் வெளியே தெரியும். இதில் தையல் எங்கே என்று தேட வேண்டும்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். “என் கடைக்கு நாலு நொடி உண்டல்லவா, அதில் மிஷின் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்” என்றார். அந்தக் கரடித் தோலுக்குள் இருந்து கேட்ட முதல் சத்தம் அவருடைய தையல் மிஷின்தான்.

அதோடு அன்றைய அதிர்ஷ்டம் முடிந்தது. பகல் வெளிச்சத்தில் எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டு வந்தவள் நான். இந்தத் தெரு காலை பத்துக்கு மெல்லக் கண் விழிக்கிறது. நண்பகல் லுஹர் தொழுகையோடு ஷட்டர்கள் இறங்குகின்றன. இரண்டு மணிக்கு நடுத்தெருவில் நானும் தம்பியும் ஓர் ஆடும் மட்டும்தான் நின்றோம். ஐந்துக்கு மேல் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தி மஃக்ரிப் தொழுகை முடிந்த பிறகுதான் கூட்டம் வருகிறது. வெளிச்சம் இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் வரும்போது வெளிச்சம் இல்லை.

ஆகவே இரவில் எடுத்தோம். புதிதாகத் திறந்த கடைகளில் எல்லாம் கண்ணைப் பறிக்கும் எல்இடி விளக்குகள். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் மின்சாரத்துக்கு ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மொபைல் கடைக்காரர் வைத்திருந்த சுழலும் விளக்கு மட்டும் எதற்கும் அடங்கவில்லை. அணைக்கச் சொன்னேன். “அதை வாங்கத்தானே செலவழித்தேன்” என்றார். நியாயம்தான். பட்டையோடு எடுத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. முன்பே அறிவித்திருந்தார்களாம், எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பேட்டரிகளில் இரண்டு காலி. ஜெனரேட்டர் வைத்திருந்த பேக்கரிக்காரர் ஒரு பிளக் கொடுத்தார், பன்னுக்கும் டீக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மின்சாரம் தேவைப்படாத வேலை என்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்ததில் கிடைத்தது பத்தொன்பதாவது பெயர்: தொதல் கடை. கடை தெருவில் இருக்கிறது, தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவது பின்னால் வீட்டில். தம்பி வாசல் திண்ணையோடு நின்றுகொள்ள வேண்டும், நான் மட்டும் உள்ளே போகலாம். கேமராவை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அடுப்படிக்கு வெளியே முற்றத்தில் விறகு அடுப்பு. அதன் மேல் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய சட்டி. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. மூன்றும் கலந்து கரைசலாக இருந்தபோதே நான் உள்ளே போய்விட்டேன். கிண்டிய லாத்தாவுக்கு (அக்காவை இங்கே லாத்தா என்கிறார்கள்) ஐம்பது வயது இருக்கும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: “கை மட்டும் வரட்டும் தங்கச்சி. முகம் வேண்டாம்.”

கைதான் வேண்டியதும். துடுப்பை அவர் பிடிக்கும் விதத்தை நெருக்கத்தில் வைத்தேன். வலக்கை கீழே, இடக்கை மேலே. வேலை முழுக்க இடுப்பில். சட்டியின் அடியைத் துடுப்பு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வழித்துக்கொண்டு போகும், நடுவில் ஒரு முறை புரட்டும். ஒரு நிமிடம் விட்டால் அடி பிடித்துவிடும். அடி பிடித்த தொதலைத் தேங்காய்ப்பால் எத்தனை ஊற்றினாலும் காப்பாற்ற முடியாது. முதல் மணி நேரம் கஞ்சி போலத் தளதளத்தது. இரண்டாவதில் கெட்டியாகி, குமிழி வெடிக்கும்போது “புளுக்” என்று சத்தம் வந்தது. பிறகு நிறம் மாறியது: தேன் நிறம், புளியங்கொட்டை நிறம், கடைசியில் கறுப்பு. மூன்றாவது மணி நேரத்தின் முடிவில் ஓரங்களில் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஊற்றிய எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் விட்ட எண்ணெய். லாத்தா விரலை நனைத்துக்கொண்டு சட்டியில் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது. இன்னும் கொஞ்சம். மறுபடி தொட்டார். ஒட்டவில்லை.

இடையில் மகளும் மருமகளும் வந்து துடுப்பை வாங்கிக்கொண்டார்கள். துடுப்பு கை மாறும்போதும் நிற்பதில்லை. ஒருத்தியின் கை விடும் முன் அடுத்தவள் கை பிடித்துவிடுகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான். மருமகள் வேறு ஊரா என்று கேட்டேன், உள்ளூர்தானாம். மாமியார் வீட்டுக்கு வாழ வந்தவளா என்று அடுத்து கேட்கப் போய், மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மருமகள் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் இருக்கிறாள், தொதல் நாளில் மட்டும் கை கொடுக்க வருகிறாள்.

“இதில் எவ்வளவு படத்தில் வரும்?” என்று லாத்தா கேட்டார்.

“நான்கு நொடி.”

துடுப்பை நிறுத்தாமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதற்குள் ஒரு முறைகூடக் கிண்டி முடியாதே.”

உண்மைதான். பிறகு எண்ணிப் பார்த்தேன், ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து நொடி ஆகிறது.

ஆற வைத்து வெட்டியதில் ஒரு துண்டு வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அல்வாவைவிட இறுக்கம், கடலைமிட்டாயைவிட இளக்கம், பல்லோடு கொஞ்சம் வம்பு செய்யும். மலேசியாவில் இதையே தோடோல் என்கிறார்கள், இலங்கையிலும் உண்டு. கப்பலில் அங்கிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். கிலோ 360 ரூபாய். ஒரு கிலோ வாங்கிக் கேமராப் பையில் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ முடியும் வரை தெரு அடைப்பு. அந்த நேரத்தைப் பன்னிரண்டு நொடிக்கு ஒதுக்கினோம். அந்தப் பன்னிரண்டைப் பற்றி இதற்குள் நாற்பத்திரண்டு கருத்துகள் வந்துவிட்டன. பள்ளிவாசல் வர வேண்டும், கலங்கரை விளக்கம் வர வேண்டும், சங்கு வர வேண்டும், படகு வர வேண்டும். ஒருவர் டிரோன் என்றார். டிரோன் பெட்டியை மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தேன், ஆனால் திறக்க வழி இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம், எதிரே கடலில் அப்பா தீவு முதலான தேசியப் பூங்காத் தீவுகள், அதற்கும் அப்பால் இலங்கை. இப்படி ஓர் இடத்தில் முறையாக அனுமதி வாங்காமல் எதையும் பறக்கவிடக் கூடாது என்பதை மதுரையிலேயே யோசித்திருக்க வேண்டும். நான்கு கிலோப் பெட்டியைச் சும்மா சுமந்தது தம்பியின் தோள்.

ஜும்ஆ பள்ளிக்கு நேற்றைய கணக்கு தலைகீழ்: அனுமதி கேட்டுத் தம்பி உள்ளே போனான், நான் வெளியே நின்றேன். 17-ஆம் நூற்றாண்டில் பெரியதம்பி மரைக்காயர் கட்டியது. சீதக்காதி என்றால்தான் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும், செத்தும் கொடுத்தவர். கிழவன் சேதுபதி காலத்தில் கடல் வணிகம் செய்தவர், உமறுப் புலவரை ஆதரித்தவர். தம்பி எடுத்து வந்ததைத் திரையில் பார்த்தேன். கோயில் மண்டபத்துத் தூண்கள்தான், அதே கல், அதே உளி. பூவும் கொடியும் இருக்கின்றன. யாளியும் இல்லை, ஆள் உருவமும் இல்லை. வெளியே நின்றதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் இருந்தது, ஒளிக்க மாட்டேன். தம்பிக்குத் தூணை எடுக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மணமகளை எடுப்பது போலக் கீழிருந்து மேலே எடுத்திருந்தான்.

மதியம் துணிக்கடை காக்கா வீட்டில் சாப்பாடு. தம்பிக்கு ஆண்களோடு சஹனில், ஒரே தட்டைச் சுற்றி நான்கு பேர். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா. எதிரில் இருக்கும் கறித் துண்டை எல்லாரும் அவன் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்றான். அன்றுதான் அவன் வாயில் காக்கா என்ற சொல் முதல்முறை தயங்காமல் வந்தது. எனக்கு உள்கட்டில் பெண்களோடு. மாசிக் கருவாட்டுச் சம்பலைப் பற்றிக் கேட்டேன். விளக்கத்தோடு ஒரு பொட்டலமும் கிடைத்தது.

டிரோனுக்குப் பதிலாக அவர்கள் வீட்டு மொட்டை மாடி. ஏறுவதற்கும் முறை இருக்கிறது. முதலில் ஒரு சிறுவன் படியில் ஏறிக்கொண்டே குரல் கொடுப்பான். பக்கத்து மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் உள்ளே போவார்கள். பிறகு நாங்கள். கேமரா தெருவுக்கும் கடலுக்கும் மட்டும் திரும்பலாம், கிழக்கே திரும்பக் கூடாது. மாடியில் பாய் விரித்து முண்டு மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். சின்னச் சின்னச் சிவப்புக் குண்டுகள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றவை. காற்று தூக்கிவிடாமல் பாயின் நான்கு மூலைக்கும் அம்மிக்குழவியும் செங்கல்லும்.

மேலிருந்து பார்த்தபோதுதான் தெரு எனக்குப் புரிந்தது. புதுப் பெயிண்ட் அடித்த ஷட்டரும் துருப்பிடித்த ஷட்டரும் மாறி மாறி, முதியவர் வாய்ப் பல் போல. இந்த நான்கு நாளில் இரவோ பகலோ திறந்தே பார்க்காத கடைகள் பதினொன்று. அவை பட்டியலிலும் இல்லை. தெரு ஏன் படுத்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். சங்கு வியாபாரிக்கு அது 1980-களில் ராமேஸ்வரம் தலைமன்னார்க் கப்பல் நின்றதிலிருந்து தொடங்குகிறது. வங்காளத்துக்கு வளையலுக்குப் போகும் சங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நான்கு நொடி போதாது, நான்கு நாள் வேண்டும். பாத்திரக்கடைக்காரருக்கு அது கைபேசியில் பொருள் வாங்கப் பழகியதிலிருந்து. எழுந்ததற்கு மட்டும் எல்லாரும் ஒரே காரணம் சொல்கிறார்கள்: கொரோனாவில் வளைகுடா வேலை போய்த் திரும்பியவர்களில் சிலர் மறுபடி விமானம் ஏறாமல் கடை போட்டது. மொபைல் கடை, மந்தி என்ற அரபுச் சாப்பாட்டுக் கடை, புர்காக் கடை மூன்று.

எழுந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. எழுந்து உட்கார்ந்திருக்கிறது. துருப்பிடித்த ஷட்டர்கள் சட்டத்துக்குள் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். மாடியிலிருந்து எடுத்தால் வராமல் இருக்காது. வந்ததை வெட்டவில்லை, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 9, சனி

கேமராப் பையைத் திறந்தால் தொதல் வாசனை. இரவு வெக்கையில் எண்ணெய் கசிந்து காகிதத்தைத் தாண்டி, பையின் துணியைத் தாண்டி, லென்ஸ் மூடியில் ஏறியிருந்தது. நல்லவேளை, கண்ணாடிக்குப் போகவில்லை. துடைத்துத் துடைத்துத் தம்பி சலித்துப்போனான், நான் பாதித் தொதலைத் தின்று தீர்த்தேன்.

பகலில் துணிக்கடைப் பின்கட்டில் அவசரமாகக் கோத்த படத்தைக் காட்டினேன். இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். படம் ஓடத் தொடங்கியதும் மருந்துக்கடைக்காரர் கைபேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். நான் நாற்பத்தைந்து கல்யாணம் எடுத்தவள். பெண் வீட்டு அத்தை, மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா எல்லாரையும் சமாளித்திருக்கிறேன். இவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

“எனக்கு மூன்றே கால். தையல் கடைக்கு நாலரை.”

மிஷின் ஓடி நிற்கும் சத்தத்தோடு வெட்டியதால் அரை நொடி கூடிவிட்டது என்றேன். அந்த அரை நொடியைத் தன் கணக்கில் திருப்பித் தர வேண்டும் என்றார். தையல்காரர் எதுவும் பேசவில்லை. படத்தில் தன் மிஷின் சத்தம் வரும் இடத்தை மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டார், இரண்டு முறை. பிறகு, “அரை நொடியை அவருக்கே கொடுத்துவிடுங்கள் தங்கச்சி” என்று எழுந்து போய்விட்டார். மருந்துக்கடைக்காரர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து, “மூன்றே கால் போதும்” என்றார். துருப்பிடித்த ஷட்டர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தத்தம் கடையை மட்டும்தான் பார்த்தார்கள்.

மாலை பஸ். முண்டு மிளகாய் ஒரு கிலோ, மாசிப் பொட்டலம், இன்னொரு கிலோ தொதல், இந்த முறை எவர்சில்வர் டப்பாவில். டப்பா தொதல் கடை லாத்தாவுடையது. அடுத்த முறை வரும்போது கொண்டு வர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 14, வியாழன், மதுரை

படத்தை முடித்து, நிறம் சரிசெய்து, அனுப்புவதற்காகக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். கடைக்கு நான்கு நொடி, மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் உட்பட. கடைசிப் பன்னிரண்டு நொடியும் மாடியிலிருந்து எடுத்த கடல்: ஓரத்தில் மிளகாய்ப் பாயின் ஒரு மூலை, நடுவில் அடங்காத காற்றில் ஒரு வள்ளம்.

துணிக்கடை காக்கா பேசினார். குரலில் சந்தோஷம். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு இன்னொரு கடை திறக்கிறார்களாம், மூடிக் கிடந்த பதினொன்றில் ஒன்று. ஷார்ஜாவிலிருந்து வந்த பையன், பழச்சாறுக் கடை. 1,500 ரூபாய் முன்பே கொடுத்துவிட்டான்.

“காணொலியை அவர்களே எடுத்து அனுப்புகிறார்கள். நாலு நொடி சேர்த்துவிடுங்கள் தங்கச்சி.”

நாற்பத்து மூன்று. கடலுக்கு இனி எட்டு நொடி.